நாற்பத்தெட்டு அட்டை

அந்த வீட்டில் பகல் நேரத்தில் எண்களைத் தவிர வேறு எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்வார்கள். இருப்பது ஒரே அறை. குறுக்கே கயிறு கட்டி, ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு அதை இரண்டாக்கியிருந்தார்கள். போர்வைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரன் தூங்குவான். இரவு முழுவதும் பேக்கரி அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு, விடிந்ததும் புருவத்தில் மாவோடு வந்து விழுகிறவன். போர்வைக்கு இந்தப் பக்கம் அவன் மனைவியும் தங்கையும் உட்கார்ந்து டப்பா போடுவார்கள்.

டப்பா என்பது குழந்தைகள் விளையாட்டு டப்பா. மூடியில் ‘பார், பேசு, யோசி’ என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதன் கீழே ஓர் அம்மாவும் குழந்தையும் தரைவிரிப்பில் உட்கார்ந்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே நாற்பத்தெட்டுப் பட அட்டைகளும் மூன்றாக மடித்த ஒரு குறிப்புத்தாளும் போக வேண்டும். படத்தின் கீழே பெயர் கிடையாது. குழந்தையே பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பின்பக்க மூலையில் மட்டும் கடுகளவில் ஓர் எண் இருக்கும். அது டப்பா போடுகிறவர்களுக்கானது.

சுவரோரம் நீளப் பலகையில் நாற்பத்தெட்டு அடுக்குகள். மனைவி எண்ணைச் சொல்வாள். நாத்தனார் அந்த அடுக்கிலிருந்து ஓர் அட்டையை உருவி, படம் தெரியும்படி ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு டப்பாவில் போடுவாள்.

“அஞ்சு.”

கோழி உயரும், இறங்கும்.

“ஆறு.”

பந்து.

“ஏழு.”

இப்படியே நாற்பத்தெட்டு வரை. கடைசி அட்டை நிலா. நிலா போனதும் தாள், மூடி, ரப்பர் வளையம். மறுபடியும் ஒன்று. இடையில் ஒரு வார்த்தை பேசினாலும் எண்ணிக்கை தப்பும். தப்பினால் டப்பாவைக் கொட்டி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதனால் யாரும் பேசுவதில்லை. தாகமெடுத்தால் கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டுவார்கள். வாசலில் யாராவது வந்தால் புருவத்தால் சொல்வார்கள்.

எதிரே, பலகைக்கு மூன்று முழம் தள்ளி, ஒரு கோணிப்பையின் மேல் பட்டாணி உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டின் ஒரே குழந்தை. வயது நாலரை. பிறந்தபோது உருண்டையாக இருந்தாள் என்று அப்பன் வைத்த செல்லப்பெயர் அப்படியே நின்றுவிட்டது. அட்டையைத் தொடக்கூடாது என்பது அவளுக்கு நடக்க வருவதற்கு முன்பே தெரியும். ஓர் அழுக்கு விரல் பட்டாலும் சரக்கு திரும்பிவிடும். எனவே கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உயர்கிற அட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழுதால்கூடச் சத்தம் வராது, கண்ணீர் மட்டும் வரும். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார், “என்ன சமத்து, பிள்ளை இருக்கிற இடமே தெரியல” என்று மெச்சினார்கள். பெற்றவளுக்கும் கொஞ்சநாள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை பள்ளிக்கூடத்து வாசலில் போயிற்று.

சேர்க்கைக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில், சின்ன வகுப்பு டீச்சர் முழங்கால் மடித்து உட்கார்ந்து பட்டாணியின் முகத்துக்கு நேரே கேட்டாள்.

“உன் பேர் என்னம்மா?”

பட்டாணி விரலை உதட்டின்மேல் வைத்தாள்.

“அட, ரகசியமா? சரி, யார்கூட வந்திருக்கே?”

விரல் அப்படியே இருந்தது.

“வெக்கம் டீச்சர்,” என்றாள் அம்மா. “வீட்டுல…” என்று ஆரம்பித்தவளுக்கு, வீட்டில் பேசுவாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

டீச்சர் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். “வெக்கம் வேற, இது வேற. மொதல்ல காதைப் பாத்துட்டு வாங்க. ஸ்கூல் தொறக்க நாலு மாசம் இருக்கு. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் கூட்டிட்டு வாங்க. பேசினா இங்க சேத்துக்கலாம். இல்லன்னா, ஆத்துக்கு அந்தப் பக்கம் பேச்சு வராத பிள்ளைங்களுக்குன்னு ஒரு ஸ்கூல் இருக்கு. நல்ல ஸ்கூல்தான். ஆனா அங்கயே தங்கிப் படிக்கணும்.”

தங்கி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். பட்டாணி சத்தம் போடாமல் கையை உருவப் பார்த்தாள்.

*

காது டாக்டர் பட்டாணியின் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார், மேசையைத் தட்டினார், காதில் கருவி மாட்டி ஏதோ கோடு பார்த்தார். கடைசியில் சிரித்தார். “எனக்குக் கேக்கறதைவிட இவளுக்கு நல்லா கேக்குது. வீட்டுல யாரு இவகிட்ட பேசுவீங்க?”

அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வருகிற வழியில் தூறல் போட்டது. எதிரே ஒரு கிழவர் குடையை விரித்தார். பட்டாணி நின்று, அதைக் கைகாட்டி, “ப்பத்தொன்னு” என்பது போல ஏதோ முனகினாள். அவளிடமிருந்து எப்போதாவது இப்படி ஏதாவது வரும். தெருநாயைக் கண்டால் ஒன்று, பால்காரர் மாட்டைக் கண்டால் வேறொன்று. வாய்க்குள்ளேயே உருட்டி விழுங்குகிற சத்தம். “உஷ், வா, மழை வருது” என்று அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரன் எழுந்து, பேக்கரியில் கொடுத்த உடைந்த ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டே கேட்டான்.

“காது சரின்னா வாய் ஏன் வரல?”

“பேச்சுக் குடுக்கணுமாம்.”

“குடு. யாரு வேண்டாம்னா?”

“எப்பக் குடுக்கறது? பகல்ல நான் வாயத் தொறந்தா நீங்க எந்திரிச்சுடுறீங்க. சாயங்காலம் நீங்க எந்திரிச்சா சரக்கு எடுக்க டப்பா அண்ணன் வேன் வந்துடுது.”

“அப்ப என் தூக்கந்தான் பிள்ளையை ஊமையாக்கிடுச்சு, அப்படித்தானே?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லல. நீதான் எதையும் சொல்ல மாட்டியே.”

நாத்தனார் பாத்திரம் கழுவியபடியே திரும்பினாள். ஒட்டடைக்குச்சிபோல் நெடுநெடுவென்று வளர்ந்ததால் அவளை ஒட்டடை என்று அண்ணன் கூப்பிடுவான். “நான் வகுப்புல பேசினேன்னு பெஞ்சு மேல நிக்க வெச்சாங்க. இவ பேசலன்னு வெளிய நிக்க வெக்கிறாங்க. அவங்களுக்கு என்னதான்ணே வேணும்?”

“ஒட்டடை, உன் வாயில பாதிய அவளுக்குக் குடேன், புண்ணியமாப் போகும்.”

“பகல்ல அதைப் பூட்டி வெச்சதே நீதானே!”

மூவரும் சிரித்துவிட்டார்கள். பட்டாணி போர்வையைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வேளை தெரியாமல் சிரிக்கிறார்களே என்று, அவள் விரல் மெதுவாக உதட்டுக்குப் போயிற்று. சிரிப்பு அதோடு நின்றது.

அன்றுதான் அம்மா ஒரு குறிப்புத்தாளை விரித்துப் படித்தாள். எத்தனையோ ஆயிரம் தாள்களை எழுத்து உள்ளே போகும்படி மடித்திருக்கிறாள். படித்ததில்லை. ‘படத்தைக் காட்டுங்கள். இது என்ன என்று கேளுங்கள். எது மற்றவற்றோடு சேராது, ஏன் என்று கேளுங்கள். அவசரப்படாமல் பதிலுக்குக் காத்திருங்கள்.’ அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து டப்பாவில் வைத்தாள்.

*

மறுநாளிலிருந்து டப்பா போட்டுக்கொண்டே பேச முயன்றாள். அட்டையைக் காட்டிக் கேட்கலாம் என்றால் சரக்கு அழுக்காகும். அதனால் வீட்டில் இருந்ததையெல்லாம் சொல்லிக் காட்டினாள்.

“பட்டாணி, இங்க பாரு, கரண்டி. கரண்டி சொல்லு. பன்னெண்டு. ஒட்டடை, பன்னெண்டு குடு. இது தட்டு. பதிமூணு. தட்டு சொல்லுடி செல்லம். பதினாலு.”

பட்டாணி கரண்டியைப் பார்க்கவில்லை. அட்டைகளைத்தான் பார்த்தாள்.

“தண்ணி சொல்லு. தண்…ணி.”

போர்வைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. பட்டாணி அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். பொத்திவிட்டு, தான் செய்தது சரிதானே என்பதுபோல அத்தையைப் பார்த்தாள்.

அந்த வருஷம் பருவம் தப்பி மழை பெய்துகொண்டே இருந்தது. ஈரக்காற்றில் அட்டைகள் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எச்சில் தொடக்கூடாது என்பதால் விரலில் முகப்பவுடர் தடவித்தான் பிரித்து எடுப்பார்கள். பேச்சு ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். பத்தாம் நாள் பகலிலேயே டப்பா அண்ணன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமலே கூப்பிட்டார். அவர்தான் கம்பெனியிலிருந்து அட்டை கொண்டுவந்து கொடுத்து, போட்ட டப்பாவை எடுத்துப் போகிறவர்.

“என்னம்மா இது? ஒரு டப்பால ரெண்டு மாடு! நாயைக் காணோம்! இன்னொண்ணுல நிலாவே இல்ல! வாங்கினவங்க என்ன, அமாவாசைன்னு நெனச்சுக்குவாங்களா?”

“அண்ணே, மெதுவா… அவரு தூங்கறாரு.”

“நான் மெதுவாப் பேசலாம். கம்பெனி மெதுவாப் பேச மாட்டேங்குது. முப்பது டப்பா திரும்பி வந்திருக்கு. இத்தனை வருஷத்துல உங்க வீட்டுச் சரக்கு ஒண்ணு திரும்பினதில்ல. என்ன ஆச்சு?”

“பாப்பாவுக்குப் பேச்சு வரல. அதான் பேசிக்கிட்டே…”

அவர் கொஞ்சம் தணிந்தார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. “சரிம்மா, புரியுது. ஆனா பேசறது தனியா, டப்பா தனியா வெச்சுக்க. இனிமே கிசுகிசுன்னு சொல்லாதீங்க. சத்தமாக் கூவி எடுங்க. காதுல விழுந்தாத்தான் கை தப்பாது. இன்னொரு தடவை வந்தா என் கையில இல்ல, பாத்துக்க.”

அதற்கப்புறம் எண்கள் உரக்க ஒலித்தன. வீட்டுக்காரன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். “பதினே…ழு” என்றால் “பதினேழு!” என்று மாட்டைத் தூக்குவாள் ஒட்டடை. “முப்பத்தொண்ணு!” குடை. “நாப்பது!” நாய். ஒரு டப்பாவும் திரும்பவில்லை. பட்டாணி முன்னைவிட ஆவலாய், வாய் லேசாகத் திறந்திருக்க, ஒவ்வொரு கூவலுக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகூட அசைந்தது. அதைக் கவனிக்க அங்கே யாருக்கு நேரம்? ஒருத்தியின் கண் அடுக்கிலும் இன்னொருத்தியின் கண் டப்பாவிலும் இருந்தது.

சாயங்காலம் வேன் போனபின் கிடைத்த கால்மணி நேரத்தில், அம்மா அவளை மடியில் வைத்து, “அம்மா சொல்லு. அம்…மா” என்பாள். பட்டாணி அவள் முகவாயைத் தொட்டுப் பார்ப்பாள். அவ்வளவுதான். எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? வேண்டியிருந்தால் முழங்கையைத் தட்டினால் போதும், திரும்பிவிடுவாள்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று.

*

வீட்டுக்காரன் அன்று வேலை முடிந்து தூங்காமல் கூடவே வந்தான். பள்ளிக்கூட நடையில் பெஞ்சில் உட்கார்ந்ததுமே அவன் தலை சாய்ந்துவிட்டது. அம்மா மட்டும் பிள்ளையோடு உள்ளே போனாள்.

டீச்சரின் மேசைமேல் அந்த டப்பா இருந்தது.

மூலை நைந்து, ரப்பர் வளையத்துக்குப் பதில் நூல் கட்டியிருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரியாதா? தன் கை டப்பாவோ, இன்னொரு வீட்டுக் கை டப்பாவோ. தரைவிரிப்பு அம்மா அதே சிரிப்போடு அவளைப் பார்த்தாள். பட்டாணி டப்பாவைக் கண்டதும் அம்மாவின் கையை விட்டுவிட்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

“அட, மேடம் ரெடியா இருக்காங்களே!” என்று டீச்சர் சிரித்தாள். ஓர் அட்டையை உருவித் தூக்கிக் காட்டினாள். “இது என்னன்னு சொல்லு பாக்கலாம்?”

பந்து.

“ஆறு,” என்றாள் பட்டாணி.

குரல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது. மகள் ஒரு வேற்றாளிடம் வாய் திறந்து பேசுவதை அம்மா கேட்பது இதுதான் முதல்தரம்.

“ஆறா? உனக்கு ஆறு வயசாகலையே! இது என்னன்னு கேட்டேன்.” அடுத்த அட்டை. மாடு.

“பதினேளு.”

டீச்சர் காகிதத்தில் ஏதோ குறித்தாள். “எண்ணு சொல்லிக் குடுத்திருக்கீங்களா? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றா போல.” அடுத்தது குடை.

“முப்பத்தொன்னு.”

டீச்சர் பேனாவை மூடினாள். அந்தச் சின்ன டக் சத்தத்தில் அம்மாவுக்கு எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. தூறலில் விரிந்த குடை. தெருநாய். பால்காரர் மாடு. ஒவ்வொரு தடவையும் பிள்ளை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இவள் உஷ், உஷ் என்று இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“டீச்சர்,” என்றாள். “அந்த அட்டையத் திருப்பிப் பாருங்க.”

“எதுக்கு?”

“திருப்புங்க டீச்சர். மூலையில.”

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மங்கலாக, 31. மாட்டைத் திருப்பினாள். 17. பந்து. 6. அவள் அட்டைகளைக் கலைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டத் தொடங்கினாள். சாவி, படகு, ரயில், கோழி. பட்டாணி ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றில்கூடத் தப்பவில்லை. நிலா வந்தபோது, “நாப்பத்தெட்டு” என்று சொல்லிவிட்டு, முடிந்தது, மூடியைப் போடு என்பதுபோல உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“பின்னாடி பாத்துப் படிச்சிருக்காளா?”

“இல்ல டீச்சர். தொடவே விட்டதில்ல. நாங்க வீட்டுல இந்த டப்பாதான் போடறோம். நான் நம்பர் சொல்லுவேன், அவ அத்தை படத்தைத் தூக்குவா. இவ எதிர்ல உக்காந்திருப்பா. வேற… வேற எதுவும் நாங்க பேசறதில்ல.” அவள் அழவில்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடக்கூடாது என்று வேகமாகச் சொன்னாள். “அவ சரியாத்தான் சொல்றா டீச்சர். மாட்டுக்கு அதான் பேருன்னு நெனச்சுட்டா.”

டீச்சர் மாடு, நாய், கோழி, குடை நான்கையும் தரையில் பரப்பினாள். “இதுல எது சேராது?” பட்டாணி கையை எடுக்கவில்லை. அம்மா, “தொடலாம்டி, பரவால்ல” என்று சொன்னபிறகுதான், ஒரு விரலால் குடையை ஓரமாகத் தள்ளினாள்.

“புத்திக்கு ஒரு கொறையும் இல்ல,” என்றாள் டீச்சர். குரலில் சந்தோஷமும் இருந்தது, வேறு எதுவோவும் இருந்தது. “ஆனா இந்தப் பேச்சு இந்த ஊர்ல மூணு பேருக்குத்தான் புரியும். நாளைக்கு இவளுக்குத் தாகம் எடுத்தா என்கிட்ட வந்து எந்த நம்பர் சொல்லுவா? தண்ணி இந்த டப்பால இருக்கா?”

“இல்ல.”

“வலிக்குதுன்னா?”

“அதுவும் இல்ல.”

“ஒண்ணுக்கு வருதுன்னா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“அம்மா? அம்மா இருக்காங்களா இதுல?”

அவள் நாற்பத்தெட்டையும் மனதுக்குள் ஓட்டினாள். அவளுக்குத் தெரியாத வரிசையா? கோழி உண்டு, கோழிக்குஞ்சு உண்டு. மூடியில்தான் அம்மா இருந்தாள், உள்ளே இல்லை.

“இல்ல டீச்சர்.”

“ஸ்கூல் தொறக்க ஒரு மாசம் இருக்கு. இந்த நாலு வார்த்தை வரட்டும். நாலே நாலு. நான் பெரிய டீச்சர்கிட்ட இவளுக்காகப் பேசறேன். வரலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

வெளியே வீட்டுக்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். “என்ன சொன்னாங்க?”

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாடு வண்டியோடு போய்க்கொண்டிருந்தது. “அவளையே கேளுங்க, அது என்னன்னு” என்றாள்.

*

மறுநாளிலிருந்து எண் சொல்வதை விட்டுவிட்டார்கள். அம்மா “மாடு” என்றாள், ஒட்டடை மாட்டைத் தூக்கினாள். “குடை.” “நாய்.” நாற்பத்தெட்டுப் பெயரை வரிசை மாறாமல் சொல்ல அவர்களுக்கே நாக்குப் புரளவில்லை. முன்பு இருபது டப்பா போட்ட நேரத்தில் பதினொன்றுதான் ஆயிற்று. டப்பா அண்ணன் உச்சுக்கொட்டிவிட்டுப் பாதிச் சரக்கை வேறு வீட்டுக்குத் திருப்பினார். வீட்டுக்காரன் காதில் பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டான்.

எல்லாரையும்விடக் கோபம் பட்டாணிக்குத்தான். அத்தை மாட்டைத் தூக்கி, “மாடு” என்றால், அவள் தலையைப் பலமாக ஆட்டி, “பதினேளு!” என்று திருத்துவாள்.

“மாடுடி.”

“பதினேளு!”

“அண்ணி, இவ நம்மள விட சீனியர் ஆயிட்டா. நான் தப்பாப் போடறேன்னு கம்பெனிக்குப் போட்டுக் குடுத்துடுவா போலிருக்கு.”

சண்டை போடும்போது வாய் தாராளமாக வந்தது. அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் இன்னமும் கட்டைவிரல்தான் வாய்ப்பக்கம் போயிற்று. வேறு எதற்கும் முழங்கையைத் தட்டினாள். ஒரு வாரம் போயிற்று. நான்கு வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று வீட்டுக்காரன் யாரிடமோ விசாரித்து, ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்தான்.

அந்தச் சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை தன்னைப் பட்டாணி கூப்பிட மாட்டாள் என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் நடுப்பகல். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாதி டப்பாவில் அவள் எழுந்தாள்.

“ஒட்டடை, நான் வெளிய போறேன். இவ என்ன செஞ்சாலும் நீ எந்திரிக்காத. எடுத்துக் குடுக்காத. கைய நீட்டாத.”

“எங்க அண்ணி போறீங்க?”

“எங்கயும் போகல.”

வீட்டு மூலை திரும்பியதும், தண்ணீர்க் குழாயின் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். வாசல் தெரியும், வாசலிலிருந்து இவள் தெரியமாட்டாள். சொட்டு அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. பதிலுக்குக் காத்திருங்கள் என்று தாளில் போட்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று போடவில்லை.

உள்ளே நாத்தனாரின் குரல் கேட்டது. “எனக்குத் தெரியாது. என்னைத் தட்டாதடி.” பிறகு சத்தமில்லை. ஏதோ உருண்டது. மறுபடியும் சத்தமில்லை. ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தன் முழங்கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டாணி வாசலுக்கு வந்தாள்.

தெருவை இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். கீழுதடு நடுங்கியது. வழக்கம்போல் சத்தமில்லாமல் கண்ணில் நீர் வழிந்தது. வாயைத் திறந்தாள். திறந்ததும், போர்வைப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். அப்படியே கொஞ்சநேரம் நின்றாள்.

பிறகு பட்டாணி விரலை எடுத்தாள்.

“நாப்பத்தொம்பது!”

தெருவே திரும்பிப் பார்க்கிற கத்தல்.

“நாப்பத்தொம்பதூ!”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. வீட்டுக்காரன் போர்வையை விலக்கிக்கொண்டு, ஒரு காதில் பஞ்சோடு வந்து நின்றான். “என்னடா இது, என்ன ஆச்சு? எந்த அட்டை அது? மொத்தமே நாப்பத்தெட்டுதானே ஒட்டடை?”

அம்மா அதற்குள் ஓடிவந்திருந்தாள். பிள்ளையின் எதிரே, ஈரத்தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். பட்டாணி அவள் முகவாயைத் தொட்டு, இந்த முறை மெதுவாக, சரிபார்ப்பதுபோல் சொன்னாள். “நாப்பத்தொம்பது.”

“அட்டை இல்லங்க,” என்றாள் அவள். “என்னைக் கூப்பிடுறா.”

டீச்சர் இதை ஒரு வார்த்தையாகக் கணக்கில் எடுப்பாளா என்று அவளுக்குத் தெரியாது. இன்னும் மூன்று வாரம் இருந்தது. கண்ணாடியில் அந்தச் சீட்டு அப்படியே இருந்தது. ஆனால் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியும். பகல் நேரம் என்றும் பார்க்காமல், வாய் நிறைய, தெருமுனைவரை கேட்கும்படி சொன்னாள்.

“என்னடி? இதோ வந்துட்டேன், அம்மா வந்துட்டேன்!”